1942ல பட்டணத்த விட்டு ஊருக்குப் போன கதைய வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு பதிவு பண்றது எப்படி

உங்க வீட்ல 90 தாண்டின பாட்டியோ தாத்தாவோ இருந்து, அவங்க சின்ன வயசுல மெட்ராஸ்ல வளந்தவங்கன்னா, ஒரு தடவையாவது "எவாக்குவேஷன் டயத்துல..." (1942ல ஜப்பான் குண்டு போடும்னு பயந்து ஜனங்க மெட்ராஸ காலி பண்ணிட்டு ஊருக்குப் போன காலம்) அப்படின்னு ஆரம்பிச்சு ஏதாவது சொல்லியிருப்பாங்க, நாமளும் சாப்பிட்டுக்கிட்டே ம்ம் ம்ம்னு கேட்டுட்டு கை கழுவ எழுந்து போயிருப்போம். எங்க தாத்தாகிட்ட நான் அப்படித்தான் கேக்காமயே விட்டுட்டேன். அவர் போனதுக்கு அப்புறம் பாட்டிகிட்டயாவது ஒழுங்கா கேக்கணும்னு உக்காந்தேன், அப்புறம் சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க வீட்டு பெரியவங்கன்னு இன்னும் சில பேர்கிட்ட கேட்டேன், அதுல எது வேலைக்கு ஆச்சு எது ஆகலைன்னு இங்க எழுதறேன். 1942ல 8 வயசுன்னா 1934ல பொறந்தவங்க. கணக்கு போட்டுக்கோங்க. அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்னு வைக்காதீங்க, வர்ற ஞாயித்துக்கிழமையே போங்க.

போறதுக்கு முன்னாடி ரெண்டாம் உலக யுத்தம் நடந்த அந்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கணும். பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், ஆனா அவங்க பேச்சுவாக்குல ஒரு பேர உதிர்த்தா நாம அத பிடிச்சுக்கற அளவுக்கு தெரிஞ்சிருக்கணும். 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் ஜப்பான்கிட்ட விழுந்துச்சு, மார்ச் 8 பர்மாவோட ரங்கூன். அங்கேர்ந்து லட்சக்கணக்கான நம்ம ஆளுங்க கப்பல்லயும், கப்பல் கிடைக்காதவங்க காடு மலைன்னு நடந்தும் வந்தாங்க, அவங்க சொன்ன கதைங்க பட்டணம் முழுக்க பரவுச்சு. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்னிக்கு கொழும்புல குண்டு விழுந்துச்சு, மறுநாளே 6ஆம் தேதி விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாலயும், 9ஆம் தேதி திருகோணமலைல. அடுத்தது மெட்ராஸ்தான்னு எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க. அப்ப மந்திரிசபை எதுவும் கிடையாது, ராஜாஜி மந்திரிசபை 1939லயே ராஜினாமா பண்ணியாச்சு, கவர்னர் ஆர்தர் ஹோப் ஆட்சிதான், ஏப்ரல் ரெண்டாவது வாரம் அரசாங்கமே பட்டணத்துல இருக்கணும்னு அவசியம் இல்லாதவங்க வெளிய போயிடுங்கன்னு சொல்லிடுச்சு. ஹைகோர்ட்டே கோயம்புத்தூருக்கு போச்சுன்னா பாத்துக்கோங்க. கோர்ட்டே போகுதுன்னா நாம எதுக்கு இருக்கணும்னுதான் சாதாரண ஜனம் யோசிச்சிருக்கும்.

இன்னொன்னும் மனசுல வச்சுக்கோங்க. மொதல் உலக யுத்தத்தப்ப, 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மனியோட எம்டன் போர்க்கப்பல் வந்து துறைமுகத்துல இருந்த எண்ணெய் டாங்குகள சுட்டு எரிச்சதப் பாத்தவங்க 1942ல அப்பா அம்மாவா, தாத்தா பாட்டியா இருந்தாங்க. ஏற்கனவே ஒரு தடவ நெஜமாவே நெருப்ப பாத்த ஊரு அது. அதனால "வீணா பயந்து ஓடினாங்க" அப்படின்னு நாம இப்ப உக்காந்துக்கிட்டு சொல்லக்கூடாது, பெரியவங்க முன்னாடி சத்தியமா சொல்லக்கூடாது.

சரி, இப்ப உக்காந்து பேசறது. கல்யாணம் காதுகுத்துன்னு பத்து பேர் கூடியிருக்கற இடத்துல கேக்கவே கேக்காதீங்க. நடுவுல ஒரு மாமா வந்து "அதெல்லாம் இல்ல, நீங்க போனது திருச்சிக்கு"ன்னு திருத்துவார், பாட்டி வாய மூடிப்பாங்க, அத்தோட போச்சு. நீங்களும் அவங்களும் மட்டும், காலைல காபி டிபன் ஆனதும், பத்து மணி வாக்குல உக்காருங்க. எந்த காது நல்லா கேக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு அந்த பக்கமா உக்காருங்க. ஃபோன்ல இருக்கற வாய்ஸ் ரெக்கார்டரே போதும், ஏரோபிளேன் மோட்ல போட்டுட்டு ஒரு துண்ட மடிச்சு அது மேல வைங்க, மேஜைல வெறும்னே வச்சா டம்ளர் வைக்கற சத்தமெல்லாம் இடி மாதிரி பதிவாகும். ஃபேன் சத்தமும் நீங்க நெனைக்கறதுக்கு மேல கெடுக்கும், முடிஞ்சா நிறுத்துங்க, இல்லன்னா ஸ்பீட கொறைங்க. ரெண்டு நிமிஷம் பேசவிட்டு போட்டுக் கேட்டுப் பாத்துட்டு அப்புறம் ஆரம்பிங்க. நான் மொதல் நாள் இத பண்ணல, 40 நிமிஷமும் மிக்ஸி சத்தம்தான் இருந்துச்சு, பாட்டி குரல் எங்கயோ தூரத்துல கேட்டுச்சு. அத இன்னிவரைக்கும் நெனைச்சா மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா மொதல் தடவ சொல்றப்ப வர்ற வார்த்தை ரெண்டாவது தடவ அப்படியே வராது.

ஒரு நாளைக்கு முக்கா மணி நேரத்துக்கு மேல வேண்டாம். மூணு நாலு நாளா பிரிச்சுக்கோங்க. மொதல் நாள் கேட்டது ராத்திரி படுத்தப்புறம் அவங்க மனசுல ஓடும், மறுநாள் காலைல நீங்க கேக்காமயே "நேத்து ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்"னு ஆரம்பிப்பாங்க, என் அனுபவத்துல நல்லதெல்லாம் அப்படி வந்ததுதான். அதனால பல்லு கூட வெளக்காம இருந்தாலும் சரி, ஃபோன கைல வச்சுக்கிட்டே இருங்க.

மொதல் கேள்விதான் ரொம்ப முக்கியம். "யுத்தத்தப் பத்தி சொல்லுங்க"ன்னு கேட்டா முடிஞ்சுது, ஹிட்லர், சர்ச்சில், ஜப்பான்காரன்னு பின்னாடி பேப்பர்ல படிச்சத, படத்துல பாத்தத சொல்லுவாங்க. 8 வயசு குழந்தைக்கு யுத்தம் எங்க தெரியும், வீடு தெரியும், தெரு தெரியும், அம்மா மூஞ்சி மாறினது தெரியும். அதனால வீட்டுலேர்ந்து ஆரம்பிங்க. ஒரு பேப்பர் பேனா குடுத்து நீங்க இருந்த வீட்ட வரைஞ்சு காட்டுங்கன்னு கேளுங்க, கை நடுங்கினா அவங்க சொல்ல சொல்ல நீங்க வரைங்க. வாசல் எந்த பக்கம், திண்ணை இருந்துச்சா, கிணறா குழாயா, மாடு இருந்துச்சா, யார் எங்க படுப்பாங்க. எங்க பாட்டி திருவல்லிக்கேணி வீட்ட வரையறப்ப ஒரு ஜன்னல் போட்டுட்டு "இந்த ஜன்னல் கண்ணாடில அப்பா பேப்பர் பட்டை ஒட்டினார், நான்தான் கோந்து பிடிச்சுக்கிட்டு நின்னேன்"னாங்க. குண்டு அதிர்ச்சில கண்ணாடி செதறாம இருக்க அப்படி ஒட்டறது, அது அவங்களுக்கு அப்ப தெரியாது, அப்பா ஏதோ அலங்காரம் பண்றார்னு நெனைச்சிருக்காங்க. நான் "ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் தற்காப்பு) ஏற்பாடு என்ன இருந்துச்சு"ன்னு கேட்டிருந்தா இது வந்திருக்குமா?

அந்த மாதிரி பிடிச்சுக்க சில கயிறு இருக்கு. ராத்திரி விளக்கு எப்படி மூடினாங்க, கார் பஸ் ஹெட்லைட்ல கறுப்பு அடிச்சிருந்தத பாத்தாங்களா, அபாயச் சங்கு ஊதினா வீட்ல எங்க போய் உக்காந்தாங்க, பள்ளிக்கூடத்து மைதானத்துல பதுங்குகுழி வெட்டினாங்களா, அதுல மழைத்தண்ணி நின்னுச்சா, பசங்க அதுல எறங்கி விளையாடினாங்களா. சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட்டுக்கு அருகில இருந்த மிருகக்காட்சி சாலைய கண்டிப்பா கேளுங்க. குண்டு விழுந்து கூண்டு ஒடைஞ்சா ஊருக்குள்ள வந்துடும்னு சிங்கம் புலி எல்லாத்தையும் அந்த ஏப்ரல்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. பெரியவங்க நிறைய பேருக்கு ஜப்பான்காரன விட அந்த சிங்கம்தான் ஞாபகத்துல இருக்கு. ஒரு தாத்தா அத சொல்லிட்டு ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல, நானும் பேசல.

கிளம்பின நாளப் பத்தி கேக்கும்போது சாமான்ல இருந்து போங்க. டிரங்குப் பெட்டில என்ன வச்சாங்க, எத விட்டுட்டு வந்தாங்க, வீட்டு சாவிய யார்கிட்ட குடுத்தாங்க, மாடு என்ன ஆச்சு, நாய் என்ன ஆச்சு, வெங்கலப் பாத்திரத்த எங்க வச்சாங்க. குழந்தை அழுதது எதுக்குன்னு கேளுங்க, பொம்மைக்கா, சிநேகிதிக்கா. அப்புறம் யார் வரல? இந்த கேள்விய மறக்காதீங்க. நிறைய வீட்ல பொண்டாட்டி பிள்ளைங்கள மட்டும் ஊருக்கு அனுப்பிட்டு ஆம்பளைங்க வேலைக்காக பட்டணத்துலயே இருந்து ஹோட்டல்ல சாப்பிட்டு மணியார்டர் அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. எங்க பாட்டி மொத்த கதையையும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, "அப்பா பிளாட்பாரத்துலயே நின்னுட்டார்"னு சொன்ன எடத்துல மட்டும் குரல் உடைஞ்சுது, இத்தன வருஷம் கழிச்சும்.

ரயில் விவரம் சரிபாக்கவும் உதவும். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி பக்கம் போறவங்களுக்கு அப்ப எழும்பூர், மீட்டர் கேஜ். கோயம்புத்தூர் பக்கம், ஆந்திரா பக்கம் போறவங்களுக்கு சென்ட்ரல். சென்ட்ரல்ல ஏறி கும்பகோணம் போனோம்னு சொன்னா ரெண்டு பயணம் ஒண்ணா கலந்திருக்குன்னு அர்த்தம், உடனே தப்புன்னு சொல்லிடாதீங்க, "சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வேற எப்ப பாட்டி போன?"னு மறுநாள் கேளுங்க, இன்னொரு கதை தனியா பிரிஞ்சு வரும்.

தேதி விஷயத்துல எல்லாருமே குழம்புவாங்க. "மே மாசமா ஜூன் மாசமா"ன்னு கேட்டா பதில் வராது. பங்குனி போயி சித்திரை பொறந்தாச்சா, வருஷப்பொறப்ப எங்க கொண்டாடினீங்கன்னு கேளுங்க. அந்த சித்திரைல பொறந்தது சித்திரபானு வருஷம், அடுத்தது சுபானு, வீட்ல ஜாதகம் இருந்தா தம்பி தங்கச்சி பொறந்தத வச்சு பிடிச்சுடலாம். காவிரி பக்கம் போனவங்கன்னா இன்னும் சுலபம், போனப்ப ஆத்துல தண்ணி ஓடுச்சா மணலா கெடந்துச்சான்னு கேளுங்க. மேட்டூர்ல பொதுவா ஜூன் வாக்குலதான் தண்ணி திறப்பாங்க. எங்க பாட்டி திருவிடைமருதூர் பக்கத்துல ஒரு கிராமத்துக்குப் போனவங்க, "மொதல்ல மணல்ல ஊத்து தோண்டிதான் தண்ணி எடுத்தோம், அப்புறம் ஒரு நாள் காலைல ஆறு வந்துச்சுடா, எல்லாரும் ஓடிப்போய் பாத்தோம்"னு சொன்னாங்க. அவ்வளவுதான், ஏப்ரல்ல போயி குறைஞ்சது ஜூன் வரைக்கும் இருந்திருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சு, கூடவே ஆறு வந்த காட்சியும் கிடைச்சுது.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியம்னு படற விஷயத்துக்கு வர்றேன். பாட்டி சொன்னாங்க, "குண்டு விழுந்துச்சு, மறுநாளே கிளம்பிட்டோம்". ஆனா அவங்க கிளம்பினது 1942 ஏப்ரல், மெட்ராஸ்ல ஜப்பான் விமானம் வந்து துறைமுகம் பக்கம் சில குண்டு போட்டது 1943 அக்டோபர். ஒன்றரை வருஷம் வித்தியாசம். மொதல்ல நான் இத எப்படி திருத்தறதுன்னு பாத்தேன், அவங்ககிட்டயே கூகுள்ல காட்டக்கூட போனேன், நல்லவேளை எங்க அம்மா தடுத்தாங்க. யோசிச்சுப் பாத்தா அவங்க பொய் சொல்லல. ஏப்ரல்ல வீட்ல எல்லார் வாயிலயும் குண்டு குண்டுன்னே பேச்சு, விசாகப்பட்டினத்துல விழுந்த சேதி, ராத்திரி இருட்டு, அப்பா அம்மா குசுகுசுன்னு பேசறது, அந்தக் குழந்தைக்கு குண்டு அப்பவே விழுந்தாச்சு. அப்புறம் நெஜமா விழுந்தப்ப ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. 1943ல கூவம் பெருகி பெரிய வெள்ளம் வேற வந்துச்சு, சில பேர் ஞாபகத்துல வெள்ளமும் குண்டும் ஊருக்குப் போனதும் எல்லாமே ஒரே வாரம். அதனால எழுதும்போது அவங்க சொன்னத அவங்க சொன்னபடியே எழுதுங்க, கீழ தனி வரில தேதி இதுன்னு போடுங்க. ரெண்டுமே இருக்கணும். அவங்க வாக்கியத்த மாத்தி சரியான தேதிய உள்ள நுழைச்சுட்டா அந்த பயம் எவ்வளவு பெருசா இருந்துச்சுங்கற சாட்சிய நீங்களே அழிச்சிட்டீங்கன்னு அர்த்தம்.

ஊர்ல இருந்த நாட்களுக்கு தனியா ஒரு நாள் ஒதுக்குங்க. குழந்தைங்களுக்கு அது நீளமான கோடை லீவு மாதிரி, கிணத்துல நீச்சல், மாங்கா, புழுதில ஆட்டம், கரண்ட் இல்லாத வீட்ல அரிக்கேன் லைட்டு வெளிச்சம். அத சொல்லி முடிச்சதும் "உங்க அம்மா அங்க எப்படி இருந்தாங்க"ன்னு மெதுவா கேளுங்க. கதை அப்படியே திரும்பும். நாலு மாசம் அண்ணன் வீட்லயோ ஓரகத்தி வீட்லயோ பிள்ளைங்களோட போய் உக்காந்துக்கறது சாதாரணம் இல்ல, அரிசி யாரோடது, மண்ணெண்ணெய் யார் வாங்கினது, யார் மொதல்ல அடுப்பங்கரைக்குள்ள போறதுன்னு தெனம் ஒரு சின்ன முள்ளு குத்தும். பர்மா அரிசி வர்றது நின்னுபோயி எல்லா இடத்துலயும் வெலை ஏறிக்கிட்டிருந்த காலம் வேற. எங்க பாட்டிக்கு ஒண்ணு நல்லா ஞாபகம் இருந்துச்சு, சாப்பாட்டுல ரெண்டாவது தடவ சாதம் கேக்கக்கூடாதுன்னு அவங்க அம்மா கண்ணால ஜாடை காட்டுவாங்களாம், மாமா வீட்டு பசங்க கேக்கலாம், இவங்க கேக்கக்கூடாது. அப்புறம் ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேந்தாங்களா, "பட்டணத்துப் பொண்ணு"ன்னு கிண்டல் பண்ணாங்களா, பாஷைல என்ன வித்தியாசம், அங்க கெடச்ச சிநேகிதி பேரு என்ன, திரும்பி வந்தப்புறம் கடுதாசி போட்டாங்களா, இதெல்லாம் கேளுங்க.

ஊர்ப்பக்கமே இருந்தவங்ககிட்டயும் கேக்கணும், இத யாரும் செய்யறதில்ல. திடீர்னு வீட்ல எட்டு பேர் கூடினப்ப அந்த வீட்டு குழந்தைக்கு எப்படி இருந்துச்சு, தன்னோட பாய யார் எடுத்துக்கிட்டா? அதே மாதிரி பட்டணத்த விட்டு போகவே முடியாதவங்க. போறதுக்கு ஊரும் அங்க ஒரு வீடும் ரயில் காசும் இருந்தவங்கதான் போனாங்க. துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்க, ரிக்‌ஷா இழுத்தவங்க, கடலோர குப்பத்து ஜனங்க எங்க போவாங்க? அவங்க பிள்ளைங்களுக்கு 1942ன்னா பூட்டின வீடு, காலியான தெரு, வேலை இல்லாத அப்பா. உங்க குடும்பத்துல அப்படிப்பட்டவங்க இல்லன்னா தெரிஞ்சவங்க மூலமா தேடிப் போங்க, ஏன்னா போனவங்க கதையாவது அங்கங்க எழுதியிருக்காங்க, இருந்தவங்க கதை ரொம்ப கம்மி.

சில பேருக்கு இது லீவுக் கதையே கிடையாது. பர்மாலேர்ந்து நடந்து வந்த குடும்பம்னா வழியில யாரையாவது விட்டுட்டு வந்திருப்பாங்க. இலங்கைல உள்நாட்டுப் போர்ல 1995 அக்டோபர் 30 ராத்திரி யாழ்ப்பாணத்த விட்டு நாவற்குழி பாலம் வழியா தென்மராட்சிக்கு போன இடப்பெயர்வுல குழந்தையா இருந்தவங்க இப்ப நம்ம வயசுலயே இருக்காங்க, அவங்ககிட்டயும் கேக்கலாம், ஆனா நானா போய் ரெக்கார்டர நீட்ட மாட்டேன், அவங்களா பேச ஆரம்பிச்சா கேப்பேன். யாரா இருந்தாலும் அழுதா பதிவ நிறுத்திட்டு தண்ணி குடுங்க, கூட உக்காருங்க. "அப்புறம் என்ன ஆச்சு"ன்னு கேக்காதீங்க. அந்தக் கதை வராமயே போனாலும் பரவாயில்ல.

கையில கெடைக்கற காகிதம் எதையும் விடாதீங்க. அலமாரி அடில பழைய போஸ்ட்கார்டு, கணக்கு நோட்டு, ரேஷன் கார்டு இருக்கும், ஸ்கூல் டி.சி. இருந்தா அதுல சேந்த தேதி விலகின தேதி ரெண்டும் இருக்கும், அது தங்கம். பகல் வெளிச்சத்துல ஜன்னல் ஓரமா வச்சு ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுங்க, ஒட்டியிருந்தா பிரிக்காதீங்க, லேமினேட் பண்ணவே பண்ணாதீங்க. அந்த மாசத்து சுதேசமித்திரன், தினமணி மாதிரி பழைய பத்திரிகைங்கள தேட எழும்பூர்ல கன்னிமாராவும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கு, தரமணில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு. எந்த தேதிக்கு முன்னப்பின்ன வேணும்னு குறிச்சுக்கிட்டு போங்க, இல்லன்னா விளம்பரம் படிச்சுக்கிட்டே சாயந்திரம் ஆயிடும்.

எழுத்துல எறக்கும்போது பேச்ச பேச்சாவே எழுதுங்க. "எவாக்வேஷன்" "யவாக்குவேசன்" எப்படி சொன்னாங்களோ அப்படி, காலணாவ காலணான்னே எழுதுங்க, இன்னிக்கு ரூபாய்க்கு மாத்தாதீங்க, பின்னாடி படிக்கற பிள்ளைங்களுக்கு ஒரு ரூபாய்க்கு 16 அணான்னு கீழ ஒரு வரி போதும். ஆட்டோமேட்டிக்கா எழுதித்தர்ற ஆப் எல்லாம் பாட்டிங்க பேச்சுல ரொம்ப தடுமாறுது, அத வச்சு ஆரம்பிச்சாலும் முழுசா ஒரு தடவ காதால கேட்டு திருத்தணும், ஒரு மணி நேர பேச்சுக்கு அஞ்சாறு மணி நேரம் ஆகும், ஒரேயடியா உக்காராதீங்க. ஃபைல் பேர்ல அவங்க பேரு, தேதி, எத்தனாவது நாள்னு போடுங்க. ஃபோன்ல ஒண்ணு, பென் டிரைவ்ல ஒண்ணு, வேற ஊர்ல இருக்கற சொந்தக்காரங்ககிட்ட ஒண்ணு. வாட்ஸ்ஆப் குரூப்ல போடறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேளுங்க, ஓரகத்தி சண்டை மாதிரி விஷயம் அந்த வீட்டு பேரப்பிள்ளைங்களுக்கு போய் சேரும், இத எடுத்துடுன்னு சொன்னா வெளிய குடுக்கற காப்பிலேர்ந்து எடுத்துடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் பெரிய எழுத்துல பிரின்ட் எடுத்து அவங்களுக்கே படிச்சுக் காட்டுங்க, அப்பவும் ரெக்கார்டர் ஓடட்டும். நான் 22 பக்கம் படிச்சேன், பாட்டி கண்ண மூடிக்கிட்டு கேட்டாங்க, வீட்டு சாவிய பக்கத்து வீட்டு மாமிகிட்ட குடுத்தோம்னு இருந்த எடத்துல கைய தூக்கி நிறுத்தினாங்க. "சாவி குடுக்கலடா. அப்பாதான் அங்கயே இருந்தாரே, எதுக்கு சாவி? துளசிமாடத்துக்கு தண்ணி ஊத்தச் சொல்லித்தான் அம்மா மாமிகிட்ட சொன்னா. திரும்பி வந்தப்ப அது காஞ்சுபோயிருந்துச்சு, மாமியும் ஊருக்குப் போயிட்டாங்க போல." அத பேனாலயே பக்கத்து ஓரத்துல எழுதிக்கிட்டேன்.